எருமப்பட்டிப் பெண்ணின் மண்டைப் படம்

என்னிடம் படித்தவர்கள் எனக்கு ஈய வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. எக்ஸ்ரே எடுக்கும்போது வலது, இடது தெரிவதற்காகப் பிலிமின் ஓரத்தில் ஈயத்தில் வார்த்த எழுத்து ஒன்றை வைப்பது வழக்கம். அந்த எழுத்து இல்லாமல் ஒரு மண்டைப் படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் மாட்டினால், யார் எடுத்ததாக இருந்தாலும் சரி, கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டிக் கூடையில் போட்டுவிடுவேன். ஒரு தடவை ஒரு பெரிய டாக்டரின் மருமகன் எடுத்த படத்தை அப்படி வெட்டிவிட்டு, அவர் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் வெட்டியதற்காக வருத்தப்படவில்லை.

கண்டிப்பான மனுஷன் என்று வெளியில் பெயர். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். ஒரு பெண்ணின் தலைக்குள் கட்டி இடது பக்கம் இருந்தது. நான் வலது பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வலது பக்கத்தைத் திறந்தார்கள். அவள் செத்துப்போனாள். இதை நான் மறைத்தேன், மறைத்தபடியே மேலே போனேன். எழுத வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவில் முடித்தால் நானே எனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டதாகிவிடும்.

நான் நாமக்கல்லுக்கு மேற்கே காடு கழனி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள். நான் எக்ஸ்ரே பிரிவை எடுத்துக்கொண்டது அப்பாவுக்குக் கடைசிவரை ஜீரணமாகவில்லை. "ஊசி போட மாட்டான், மருந்து குடுக்க மாட்டான், கத்தியுந் தொட மாட்டான். படம் புடிப்பானாம். அதுக்குத் திருவிழாவுல படப்பெட்டி வெச்சுட்டு நிக்கறவனே போதாதா?" என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே கேட்பார். நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளே எரியும்.

எலும்பு முறிவு, நெஞ்சுச்சளி, முழுங்கிய காசு என்று எல்லாவற்றையும்தான் படம் எடுத்தேன். ஆனாலும் மனசு மண்டையோட்டில்தான் நின்றது. மற்ற இடங்களில் நோயைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். தலையை அமுக்கிப் பார்க்க முடியாது. மூளை படத்தில் விழவே விழாது. விழுவது எலும்பு மட்டும். எலும்பை வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தபோது காய்ந்த மண்டையோடு ஒன்றை வாங்கி, அதற்குள் மெழுகில் ஈயக்குண்டை ஒட்டி வைத்து, எந்தக் கோணத்தில் எடுத்தால் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று நூற்றுக்கணக்கில் எடுத்துப் பார்த்தேன். விடுமுறைக்கு வந்தபோது அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. ஒரு மாதம் மாட்டுக் கொட்டகைப் பரணில் இருந்தது.

அப்படிக் கற்றுக்கொண்டவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மூளையின் நடுமத்தியில், இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. வயது ஆக ஆகச் சிலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து, படத்தில் உளுந்து அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எங்கள் ஆட்கள் அதைக் கல் என்பார்கள். கல் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கட்டி வளர்ந்தால் அது கல்லை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கல் இடதுபுறம் நகர்ந்திருந்தால் கட்டி வலதுபுறம். கல் வலதுபுறம் நகர்ந்திருந்தால் கட்டி இடதுபுறம். ஒரு சிறுபிள்ளைக்குக்கூடப் புரியக்கூடிய கணக்குதான். வலது எது, இடது எது என்று தெரிந்திருந்தால் போதும்.

சேலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. மேட்டூர்க் கரண்டு வந்த பிறகுதான் எங்கள் மிஷின் மனுஷத்தனமாக வேலை செய்தது. அதற்கு முன் பாதிப் படத்தில் விளக்கு மங்கிவிடும். நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார், மூச்சு விடுங்கள் என்று சொல்ல எனக்கு மறந்துபோகும். கரண்டு சரியானதும் யுத்தம் வந்தது. பிலிம் வருவது நின்றுபோனது. வந்த நாலைந்து பெட்டிகளை இருட்டறைக்குள் வைத்து, பெரிய பிலிமைப் பாதியாக வெட்டித்தான் ஓட்டினோம். பாதிப் பிலிமில் ஒரு மண்டை விளிம்புக்கு விளிம்பு சரியாக அடங்கும். ஈய எழுத்து வைக்க இடமிருக்காது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆண்களுக்கு வலது காதோரம் ஓர் ஈயக்குண்டைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவேன். பெண்களுக்கு அந்த வேலையே இல்லை. அவர்களிடம் மூக்குத்தி இருந்தது. எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் ஒற்றை மூக்குத்தி போடுகிறவர்கள் வலது மூக்கில்தான் போடுவார்கள். எங்கள் அம்மா, அத்தைகள், அக்கா எல்லோரும் அப்படித்தான். இருபுறமும் போட்டவர்கள் வந்தால் மட்டும் நர்ஸிடம் சொல்லிக் குண்டை ஒட்டச் சொல்வேன். மற்றபடி படத்தில் மூக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று விழும். அதுதான் வலது. முடிந்தது விஷயம்.

இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. வேறு இடங்களில் எக்ஸ்ரேக்குப் போனால் மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். புருஷன் இருக்கும்போது ஒரு பெண் அதைக் கழற்ற மாட்டாள். கழற்றச் சொன்னதற்காகவே படம் வேண்டாம் என்று எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் கழற்றச் சொல்லவில்லை. அந்நிய ஆண் ஒருவன் அவர்கள் முகத்தில் கை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவதும் இல்லை. அந்த டாக்டர் நம்ம ஊர்க்காரர், மரியாதை தெரிந்தவர் என்று பேச்சு பரவியது. திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டணத்து ஆட்களுக்கு வராத ஒரு யோசனை எனக்கு வந்ததே என்று எனக்குக் கர்வம். மண்டைக்கனம் என்பார்களே, அது.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறிய சமயம் அது. அப்போது ஒரு சர்ஜனும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சீமையில் இருந்தபோது தலையைத் திறந்து கட்டி எடுக்கும் ஆபரேஷனைக் கற்று வந்தவர். இங்கேயும் சிலருக்குச் செய்து சிலரைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்று கேள்வி. என் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் இப்படி ஒருத்தர் இருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். அதைக் கேட்ட அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த வருஷம்தான் எருமப்பட்டியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருஷன் கடலைக்காடும் கிணறும் வைத்திருந்த குடியானவர். இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாக விடியற்காலையில் தலைவலி, எழுந்ததும் வாந்தி. அப்புறம் கண் மங்க ஆரம்பித்திருக்கிறது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்றுதான் முதலில் கவனித்திருக்கிறாள். கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருந்தன. அதுதான் சங்கடம். ஒரு கை விளங்காமல் போயிருந்தால் கட்டி எந்தப் பக்கம் என்று சர்ஜனே சொல்லியிருப்பார். இவளுக்கு இரண்டு கண்ணின் உள்நரம்பும் ஒரே மாதிரி வீங்கியிருந்ததே தவிர வேறு ஒரு துப்பும் இல்லை. பக்கம் சொல்ல என் படம் மட்டும்தான்.

மிஷினைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். "ஏனுங்க, இது சுடுங்களா?"

"சுடாதுங்கம்மா. மூச்சை மட்டும் அடக்கிக்குங்க."

"எனக்குக் கண்ணு மட்டும் போயிராமப் பாத்துக்குங்க சாமி. மத்தது எப்படியோ ஆவட்டும். கண்ணில்லாம நான் அந்த ஊட்டுல என்ன பண்ணுவேன்?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நெற்றியும் மூக்கும் பிலிம் பெட்டியில் படும்படி அவளைக் குப்புறப் படுக்க வைக்க நர்ஸிடம் சொன்னேன். அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியின் முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவன். அதை நான் ஒரு நல்ல குணமாகவே எண்ணியிருந்தேன்.

படம் நன்றாக வந்தது. அந்த வருஷத்தில் நான் எடுத்தவற்றிலேயே சுத்தமான படம் அதுதான். மூளைக்கு அடியில் சேணம் போல இருக்கும் எலும்பு, உள்ளே ஏறிய அழுத்தத்தில் அரித்துப்போயிருந்தது. கல் தெளிவாகத் தெரிந்தது. நடுக்கோட்டிலிருந்து அரை விரல் அகலத்துக்கு நகர்ந்திருந்தது. மூக்குத்தி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. மூக்குத்தி வலது, கல் இடதுபுறம் போயிருக்கிறது, ஆகவே கட்டி வலது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு கண்ணாடித் தட்டில் படம் எடுத்த காலத்தில் மருந்து ஒரு பக்கம்தான் பூசியிருக்கும். விரலால் தடவினாலே முன் எது, பின் எது என்று தெரியும். பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து. எப்படித் திருப்பி மாட்டினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் அந்தப் படத்தை மூக்குத்தி எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் வரும்படி மாட்டினேன்.

சர்ஜன் வந்து வெகுநேரம் பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"வலது."

"நிச்சயமாகவா? தயக்கம் இருந்தால் ஒரு துளை போட்டுக் காற்றைச் செலுத்தி இன்னொரு படம் எடுத்துவிடலாம்."

மூளைக்குள் இருக்கும் அறைகளில் காற்றை ஏற்றிப் படம் எடுத்தால் அவற்றின் வடிவம் தெரியும். எந்த அறை நசுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பக்கம் சொல்லிவிடலாம். ஆபத்தும் உண்டு. அழுத்தம் இவ்வளவு இருக்கும்போது காற்று ஏற்றினால் மேஜையிலேயே போய்விடுவார்கள். நான் அதைத்தான் சொன்னேன். பிலிமும் இல்லை என்றேன். இவை இரண்டும் உண்மை. ஆனால் அவர் என் படத்தைச் சந்தேகப்படுகிறாரே என்ற கோபமும் எனக்கு இருந்தது. அதுவும் உண்மை.

"மூக்குத்தி பொய் சொல்லாது" என்றேன்.

அவர் சிரித்தார். காகிதத்தில் வலது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டியது. வலது பக்கத்து எலும்பைத் திறந்ததும் மூளை பிதுங்கிக்கொண்டு வந்தது. சர்ஜன் முன்னும் பின்னும் தேடினார். ஊசி விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை. வேறு வழியில்லாமல் மூடினார். அவளுக்கு நினைவு திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை போய்விட்டாள்.

செய்தி கேட்டு நான் வார்டுக்குப் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே டாக்டர் வார்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. நம்ம பக்கத்து ஜனம் ஆயிற்றே, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனேன். வண்டி வரும்வரை அவர் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டு. முகம் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. நான் கால்மாட்டில் நின்றேன். மூக்குத்தி என் வலதுகைப் பக்கம் மின்னியது.

எதிரே நிற்பவருக்கு இடம் வலம் மாறித்தானே தெரியும், குழம்பிவிட்டேன் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய் அவள் படுத்திருந்த திசையிலேயே நின்று பார்த்தேன். என் இடது கை எந்தப் பக்கம் தொங்கியதோ அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஏனுங்க டாக்டருங்க, அப்படிப் பாக்கறீங்க?" என்றார் புருஷன்.

"மூக்குத்தி எப்பவும் இந்தப் பக்கந்தான் போடுவாங்களா?"

"ஆமாங்க. எங்க அத்தைக்கு மொதல்ல மூணு கொழந்தைங்க பொறந்து பொறந்து தவறிப் போச்சுங்க. இவ நாலாவதுங்க. எல்லாரும் குத்தற பக்கம் குத்தாம மாத்திக் குத்துனா எமனுக்கு அடையாளந் தெரியாதுன்னு, தீட்டுக் கழிஞ்ச அன்னிக்கே அத்தை தன் கையால இடது மூக்குல குத்தி உட்டுட்டாங்களாமுங்க. அதனாலதான் இவ தங்குனான்னு சொல்லீட்டே இருப்பாங்க." துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தார். "நீங்க வந்ததுக்குச் சந்தோசமுங்க. நோவு இருக்கற எடத்த நீங்க கண்டு சொன்னீங்க. அவ விதி, டாக்டரு கைக்கு அகப்படலீங்க."

நான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். படத்தை எடுத்துத் திருப்பி மாட்டினேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. கல் வலதுபுறம் நகர்ந்திருந்தது. கட்டி இடதுபுறம். ஒரு வருஷம் படித்தவன்கூடச் சொல்லிவிடுவான்.  நான் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். அந்த மூன்று நாளில் அவர் முகம் வற்றிப்போயிருந்தது. "உங்கள் படம் சரிதான். கட்டி ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். நான் போய்ச் சேரவில்லை" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இப்போதுதான் நேரம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

முதல் தப்பை அறியாமல் செய்தேன். இதை அறிந்து செய்தேன். பயம்தான் காரணம். வேலை போய்விடும் என்பதைவிட, அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்கிற பயம். படம் பிடிக்கிறவன்தானே என்று ஊர் சொல்லும். ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

சரி, போன உயிர் போயிற்று, சொன்னால் மட்டும் திரும்பவா போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றை நான் யோசிக்கவில்லை. சர்ஜன் அதற்குப் பிறகு எந்தத் தலையையும் திறக்கவில்லை. ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு நெசவாளி வந்தார். அதே தலைவலி, அதே வாந்தி. ஈயக்குண்டை நானே ஒட்டினேன், தொட்டுத் தொட்டு மூன்று தடவை பார்த்தேன். கட்டி இடது பக்கம், மேலாக, எட்டக்கூடிய இடத்தில். படத்தை எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் ஓடினேன்.

"நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்" என்றார். "அந்த எருமப்பட்டி அம்மாளுக்கும் சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் அந்த வேலை வராது. இன்னொருத்தரையும் கொல்ல நான் தயாரில்லை."

அந்த நெசவாளியை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தை மாதம் அவர் தம்பி வேறு வேலையாக வந்தவர் என்னைப் பார்த்தார். அண்ணனுக்குக் கண் முழுக்கப் போய்விட்டது, தறிக்குழியில் உட்கார்ந்து நூலைத் தடவித் தடவிப் பார்க்கிறார் என்றார். ஆடிக்குள் அவரும் போய்விட்டார். அவருக்குப் பிறகும் வந்தார்கள். நான் படம் எடுத்தேன். பக்கம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னேன். சர்ஜன் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்.

பட்டணத்துப் பயம் அடங்கியதும் அவர் ஊர் திரும்பினார். அங்கே கல்லூரியில் எக்ஸ்ரே சொல்லித்தர ஆள் தேடியபோது எனக்காகக் கடிதம் எழுதியவர் அவர்தான். மண்டைப் படத்தைப் பிழையில்லாமல் படிப்பவர் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, மத்தியானம் படம் பார்ப்பது, வாரம் ஒரு நாள் சர்ஜன்களோடு கூடிப் பேசுவது. காய்ந்த மண்டையோட்டையும் ஈயக்குண்டையும் வைத்துப் பாடம் நடத்தினேன். என் கைவிரல் தோல் கதிர் பட்டுப்பட்டு வெடித்துப்போயிருந்தது. மாணவர்கள் அதைத் தியாகம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களை நான் திட்டவில்லை. ஈய எழுத்துக்காக மட்டும்தான் திட்டினேன்.

சர்ஜன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் நடந்த கூட்டத்தில், தன் தோல்விகளைப் பற்றி இளைஞர்களுக்குப் பேசினார். எருமப்பட்டிப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "படம் எடுத்தவர் சரியாகக் காட்டினார். என் கை துணியவில்லை" என்று சொல்லி, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மூக்குத்தி, வார்டு, திருப்பி மாட்டியது, எல்லாவற்றையும். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். 

"அன்று சாயங்காலம் உங்கள் அறைக்கு வந்தேனே, அப்போது தெரியுமா?"

"தெரியும்."

"அதற்குப் பிறகு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் தெரியுமா?"

"நான் படம் எடுத்தவர்கள் ஏழு பேர்."

"இங்கே வந்த பிறகும் அனுப்பினேன். அவர்களை உங்களுக்குத் தெரியாது." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருக்குச் சொன்னீர்களா?"

"இல்லை."

"அங்கே போய்விட்டல்லவா இங்கே வந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் தனியாக வாசலைக் கடந்து வந்தேன். அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ரயிலில் சேலம் வந்து, அங்கிருந்து கரியில் ஓடும் பஸ் பிடித்து நாமக்கல் போய், எருமப்பட்டி வரைக்கும் ஒரு வண்டி பிடித்தேன். கடலை பிடுங்கும் பருவம். புருஷன் காட்டில் இருந்தார். தலை நரைத்திருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "படம் புடிச்ச டாக்டருங்களா? வாங்க, வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேட்டில் உட்கார்ந்து சொன்னேன். புரிகிற மாதிரி, நம்ம பேச்சில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அவர் கையில் ஒரு கடலைச் செடி இருந்தது. சொல்லி முடிக்கும்வரை அதிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப மூக்குத்தி மத்தவங்களாட்ட இருந்திருந்தா, அவ பொழச்சிருப்பாளுங்களா?"

"பொழச்சிருக்கலாமுங்க. நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா தப்பு மூக்குத்தி மேல இல்லீங்க. நான் கேட்டிருக்கோணும். முகத்தப் பாத்திருக்கோணும். தப்பு என்னுதுதானுங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னை அடிப்பார் என்றோ, மண்ணை வாரி வீசுவார் என்றோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டும் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க சாமி. இதை எங்க அத்தை காதுல போட்டுறாதீங்க. புள்ளைகளை வளக்கறதுக்குன்னு இங்கியேதான் இருக்காங்க. அவங்க கையால குத்துன மூக்குங்க அது. தெரிஞ்சா உசுர உட்டுருவாங்க."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் மோராவது குடிக்காமல் போகக்கூடாது என்று கூட்டிப்போனார். செத்துப்போன பெண்ணின் தாயார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல உயரம், திடமான உடம்பு. நான் யார் என்று மருமகன் சொன்னதும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஏஞ்சாமி, எம்புள்ளைக்கு அந்தக் கட்டி எந்தப் பக்கம் இருந்துச்சுங்க? அன்னிக்கிருந்து கேக்கறேன், யாருஞ் சொல்ல மாட்டேங்கறாங்க."

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலமா இடமா என்று சொல்வதுதான் என் தொழில்.

"நடுவுல இருந்துச்சுங்கம்மா" என்றேன். "யாருனாலயும் எட்டியிருக்க முடியாதுங்க."

"அப்படீங்களா" என்று, காலிச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.